திரும்பி வந்த பிரேக்

“போன பிரேக்கு எப்படிப்பா திரும்பி வந்துது?”

மணியம்மாள் இப்படிக் கேட்டுப் பத்து மாதம் ஆகிறது. கோர்ட்டு வாசலில், குரலை உயர்த்தாமல், பக்கத்தில் நின்ற யாருக்கும் கேட்காத மாதிரி கேட்டாள். வண்டியை ஓட்டிய கலியாணசுந்தரத்திடம் அன்றைக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அவன் கோர்ட்டில் சொன்னது கொஞ்சம்தான். ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் மிதி தரை வரைக்கும் போய்விட்டது, வண்டி நிற்கவில்லை. நடந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. மறுநாள் காலை வாகனங்களைச் சோதிக்கும் அதிகாரி வந்தார். காரின் ஒரு பக்கம் முழுக்கப் பாறையில் உரசியிருந்தது, ஆனால் ஓடும் நிலையில் இருந்தது. அதே இருக்கையில் உட்கார்ந்து அதே மிதியை மிதித்தார். பாதி தூரத்திலேயே அது கல்லைப் போல நின்றது. அடிவாரத்துச் சமதரையில் ஓட்டிப் பார்த்தார். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. குழாய் உடைந்திருக்கவில்லை, எண்ணெய் ஒழுகியிருக்கவில்லை. பிரேக் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பார்த்ததைத்தான் எழுதினார். அதில் பொய் ஏதும் இல்லை.

பிரேக் நன்றாக இருந்தால் ஓட்டியவன் பொய் சொல்கிறான். மதியம் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறியவன், தூங்கிவிட்டான். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் முழுக்க இப்படித்தான் பேசிக்கொண்டது. லைசென்ஸை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். கலியாணசுந்தரம் பத்து வருஷத்துக்கு முன்னால் விட்டுவந்த தறிக்குழியில் மறுபடி காலை இறக்கினான். நாலு வீடு தள்ளி மணியம்மாள் வீடு. அவள் புருஷன் துரைக்கண்ணு அந்த விபத்தில் செத்துப்போனவன். முன்பெல்லாம் கலியாணசுந்தரத்தை ‘அண்ணா’ என்று கூப்பிடுவாள். இப்போது எந்த முறையும் வைத்துக் கூப்பிடுவதில்லை.

கலியாணசுந்தரமே சில நாள் நினைத்துக்கொள்வான், ஒருவேளை தூங்கித்தான் போனோமோ என்று. மிதி தரையைத் தொட்டது கனவோ என்னவோ. நிஜமாக நடந்ததை நம்பமுடியாமல் போகும்போது மனிதனுக்குத் தன் கண்மேல் உள்ள நம்பிக்கைதான் முதலில் போகிறது. தறியில் நீட்டிய பாவு நூலுக்கு முன்னால் உட்கார்ந்து, தறி மிதியை மிதிக்காமல், வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் இருப்பான். அவன் மனைவி வடிவாம்பாள் முதலில் அதட்டினாள். பிறகு அழுதாள். இப்போது காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பட்டுக்கடைச் சிட்டிபாபு அதை மதராஸில் ஒரு ஏலத்தில் எடுத்தார். வெளிநாட்டுக்காரர் யாரோ வைத்திருந்த அமெரிக்கக் கார், நீளமானது, ஸ்டியரிங் இடது பக்கம். அதற்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற ஒரு வீட்டு வண்டி. உள்ளே கட்டில், அலமாரி, ஜன்னல் எல்லாம் உண்டு. இங்கே எல்லோரும் அதைப் ‘பொட்டி’ என்றார்கள். சிட்டிபாபு கட்டிலை எடுத்துவிட்டுக் கண்ணாடி அலமாரி வைத்து அதைப் பட்டுக்கடையாக்கினார். கோடை சீசனில் மலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், வருகிறவர்கள் ஏறிப் பார்த்து வாங்குவார்கள். நல்ல யோசனைதான். பொட்டிக்கென்று தனியாகப் பிரேக் கிடையாது. காரின் நாலு சக்கரத்துப் பிரேக்தான் இரண்டையும் நிறுத்தவேண்டும். சமதரையில் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஓட்டுவதற்குச் சிட்டிபாபு கலியாணசுந்தரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவன் கால். தறியில் பழகிய கால். நெசவுக்காரன் மிதியை உதைக்கமாட்டான். உதைத்தால் இழை அறுந்துபோகும். காலை மிதியின்மேல் வைத்தபடியே, எடை கூட்டாமல் குறைக்காமல், ஒரே சீராக அழுத்துவான். அந்தக் காலோடுதான் கலியாணசுந்தரம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டான். அவன் பிரேக் போட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையிலிருக்கும் காப்பி தளும்பாது. சிட்டிபாபு இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஏப்ரல் மாதம் சீசன் தொடங்கும் முன்னால் சிட்டிபாபு காரையும் பொட்டியையும் தட்டிச் சரிசெய்து வர்ணம் பூசி வைத்திருந்தார். புது டிரைவரையும் பிடித்துவிட்டார். ஐயம்பேட்டை அந்தோணி, இருபது வருஷம் லாரி ஓட்டியவர். வியாழக்கிழமை காலை கிளம்பவேண்டும். செவ்வாய்க்கிழமை கலியாணசுந்தரத்துக்கு ஆள் வந்தது. வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போ என்று.

செவிலிமேடு போகிற சாலையில் சிட்டிபாபுவின் கொட்டகை. உள்ளே கார் நின்றது, ஓரமாக நாற்காலியில் சிட்டிபாபு. அந்தோணி சாவியைத் திருகித் திருகிச் சலித்துப்போய் வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

கலியாணசுந்தரம் ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டியரிங் பக்கத்திலிருந்த கியர் கம்பியை ஒரு கட்டம் தள்ளினான். சாவியைத் திருகினான். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

“டி-யில இருந்தா கிளம்பாது அண்ணே. என்-லயாவது பி-யிலயாவது இருக்கணும்.”

“இன்னா முதலியாரே, வண்டியா இது? கிளச்சையே காணோம். எவனாவது திருடிக்கினு போயிட்டானா?” என்று கலியாணசுந்தரத்தைக் கேட்டார் அந்தோணி.

“இதுக்கு கிளச்சு கிடையாது. கியரை அதுவே மாத்திக்கும்.”

“அதுவே மாத்திக்கும்னா நான் எதுக்கு? எனக்கு எதுக்கு உங்க மொதலாளி சம்பளம் குடுக்கணும்?”

“ஆரன் அடிக்கறதுக்குய்யா” என்றார் சிட்டிபாபு, நாற்காலியிலிருந்து எழாமல்.

அந்தோணி சிரித்துவிட்டு உள்ளே உட்கார்ந்தார். கம்பிக்குக் கீழே வரிசையாக ஐந்து எழுத்துகள். ஒவ்வொன்றாக விரலை வைத்துக் கேட்டார். பி நிறுத்தி வைக்க. ஆர் பின்னால் போக. என் சும்மா நிற்க. டி ஓட்ட.

“கடைசில ஒண்ணு இருக்குதே, எல்? அது இன்னாத்துக்கு?”

“சேத்துல மாட்டிக்கினா போடறதாம். இத எங்ககிட்ட ஒப்படைச்ச டிரைவரு சொன்னாரு. அத தொடவே வேணாம்னாரு.”

“சரி. எறக்கத்துல நீ எந்த கியர்ல வந்த?”

“டி-யில.”

“அது எத்தினியாவது கியரு?”

கலியாணசுந்தரம் யோசித்தான். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. போலீஸ் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை. “தெரியாது அண்ணே. அதுவே பாத்துப் போட்டுக்கும்.”

“லாரில நாங்க செகண்டுல ஏறினா செகண்டுலயே எறங்குவோம். இஞ்சினே வண்டியப் பின்னால இழுத்துப் புடிச்சுக்கும். பிரேக்கு ஒரு தொணைக்குத்தான். உன் வண்டிய யாரு புடிச்சிருந்தா?”

“பிரேக்குதான்.”

“மேலருந்து கீழ வரைக்குமா? இருபது வளைவுக்கும்?”

“ஆமா. அழுத்தல அண்ணே. சும்மா கால மேல வெச்சுக்கினே வந்தேன். தறி மிதி மாதிரி. இருபது மைலுக்கு மேல முள்ளு ஏறவேயில்லை, பதினாலாவது வளைவு வரைக்கும்.”

அந்தோணி பீடியைக் கீழே போட்டு அணைத்தார். “பதினாலாவதுல?”

அதைக் கலியாணசுந்தரம் இதற்கு முன் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வந்தபோது யாரும் கேட்கவில்லை. இப்போது சொன்னான்.

சிட்டிபாபு கடையில் ஒரு வழக்கம். சரக்கு தனியாகப் போகாது. பட்டு எந்த வண்டியில் போகிறதோ அந்த வண்டியில் கடை ஆள் ஒருவன் இருக்கவேண்டும். அதனால் விற்பனைக்கு வந்த துரைக்கண்ணு காரில் உட்காராமல் பொட்டிக்குள்ளேயே, புடவைக் கட்டுகளின் நடுவில் உட்கார்ந்து வந்தான். பதினோராவது வளைவுக்குப் பக்கத்தில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. துரைக்கண்ணு முன் ஜன்னலைத் தட்டினான். கலியாணசுந்தரம் வண்டியை ஓரம் கட்டினான். அப்போது பிரேக் பிடித்தது. வண்டி நின்றது.

காஞ்சிபுரத்து ஆள் இருவர் பட்டோடு போகும்போது கருகல் வாடை வந்தால் எதை நினைப்பார்கள்? பட்டைத்தான். துரைக்கண்ணு ஒவ்வொரு கட்டாக மோந்து பார்த்தான். ‘பட்டு இல்ல கலியாணம். பட்டு கருகினா முடி கருகற நாத்தம் வரும். இது வேற. எவனோ மலையில டயர கொளுத்தறான்’ என்றான். இரண்டு பேருக்கும் உயிர் வந்தது. சிரித்துக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் மறுபடி கிளம்பினார்கள். மூன்று வளைவு தள்ளி, காலை வைத்தபோது மிதி பஞ்சை மிதித்தது மாதிரி கீழே போயிற்று. தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தான். மறுபடி தரை. முள் முப்பதைத் தாண்டியது. ‘குதிச்சுடுறா, குதிச்சுடுறா’ என்று கத்தினான். பொட்டிக்குள் கேட்டதோ இல்லையோ. மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் உரசவிட்டான். கார் நின்றது. பொட்டி நிற்கவில்லை. பின்னாலிருந்து தள்ளி, சுழன்று, கொக்கி முறிந்து, பள்ளத்துப் பக்கம் கவிழ்ந்துவிட்டது.

சிட்டிபாபு நாற்காலியில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“பிரேக்கு சூடானா புடிக்காது, அது எனக்குத் தெரியும்” என்றார் அந்தோணி கடைசியில். “ஆனா அப்ப மிதி கெட்டியாத்தான் இருக்கும். மிதிப்போம், வண்டி நிக்காது. உன் மிதி கீழயே போச்சுங்கற. போனது மறுநாள் காலைல எழுந்து வந்துடுச்சுங்கற. ஒண்ணு நீ பொய் சொல்லணும். இல்லாட்டி எனக்குத் தெரியாத ஒண்ணு இந்த வண்டில இருக்குது. நாளன்னிக்கு நான் இதுல ஏறணும்பா.”

“நான் பொய் சொல்லல அண்ணே.”

“அப்ப வா, காட்டு.”

அந்தோணி செய்தது எளிமையான ஏற்பாடு. காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகள்மேல் நிறுத்தினார். பின்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கின. முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். இந்தக் காரில் இஞ்சின் சுற்றுவது பின்சக்கரத்தைத்தான். ஆகவே டி-யில் போட்டால் கார் நகராது, பின்சக்கரம் மட்டும் காற்றில் சுற்றும். அந்தோணி முன்மூடியைத் திறந்து, பெட்ரோலைக் கூட்டுகிற கம்பியைக் கையாலேயே இழுத்துப் பிடித்து, முள்ளை இருபது மைலில் வைத்துக்கொள்வார். கலியாணசுந்தரம் உள்ளே உட்கார்ந்து, மலையில் வைத்த மாதிரியே காலை வைக்கவேண்டும். இறக்கம் சக்கரத்துக்குச் செய்ததை இப்போது இஞ்சின் செய்யும்.

“வண்டிய கொளுத்தப் போறீங்களா?” என்றார் சிட்டிபாபு.

“இங்க எரிஞ்சா பக்கத்துல கெணறு இருக்குது மொதலாளி. அங்க எரிஞ்சா இன்னா இருக்குது?”

சிட்டிபாபு எழுந்துபோய் வாளியில் தண்ணீர் எடுத்து வைத்தார்.

கலியாணசுந்தரம் காலை வைத்தான். பதினொரு மாதத்துக்குப் பிறகு அந்த மிதி. கால் தன் வேலையை மறக்கவில்லை. ஒரே சீராக, கூடாமல் குறையாமல் அழுத்தியது. ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. எட்டாவது நிமிஷத்தில் பின்சக்கரத்தின் உள்ளேயிருந்து நூல் மாதிரிப் புகை வந்தது. பிறகு வாடை வந்தது. அது முடி கருகும் நாற்றமும் இல்லை, டயர் நாற்றமும் இல்லை. அதே வாடைதான். அவன் கால் மிதியிலிருந்து எழப் பார்த்தது.

“கால எடுக்காத” என்றார் அந்தோணி.

கால்மணி நேரம் கழித்து இஞ்சினை நிறுத்தச் சொன்னார். சக்கரங்கள் நின்றன. “பத்து நிமிஷம் சும்மா இரு. மலையில நின்ன மாதிரி.” நின்றார்கள். பிறகு, “மிதி” என்றார்.

மிதி தரைக்குப் போயிற்று.

அந்தோணி அவனை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து மிதித்தார். தரை. இன்னொரு முறை. தரை. அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். மூன்று பேரும் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தார்கள். வெயில் தாழ்ந்து, சக்கரம் ஆறி, கை வைத்தால் பொறுக்கிற அளவுக்கு வந்ததும் மிதித்துப் பார்த்தார்கள். பாதியில் கல்லைப் போல நின்றது.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. பிரேக் என்பது ஓட்டத்தை எங்கோ தூக்கிப் போட்டுவிடுவதில்லை. அதைச் சூடாக மாற்றுகிறது. சக்கரத்தோடு சுற்றுகிற இரும்பு வட்டைக்குள் இரண்டு கட்டைகள் உரசி அதைப் பிடிக்கின்றன. உள்ளங்கைகளை உரசினால் சுடுகிறதே, அதேதான். மூன்று டன் எடை நாலாயிரத்துச் சொச்சம் அடி உயரத்திலிருந்து இறங்கினால் அத்தனை இறக்கமும் அந்த நாலு வட்டைகளில் சூடாகச் சேரவேண்டும். விட்டுவிட்டு அழுத்தினால் நடுவில் காற்றுப் பட்டு ஆறும். காலை வைத்துக்கொண்டே வந்தால் ஆறுவதற்கு நேரமே கிடையாது.

மிதியிலிருந்து சக்கரத்துக்கு அழுத்தத்தைக் கொண்டுபோவது குழாயில் இருக்கும் எண்ணெய். அதை நசுக்க முடியாது என்பதால்தான் இங்கே அழுத்தினால் அங்கே தள்ளுகிறது. அந்த எண்ணெய் வட்டையின் சூட்டில் கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். குமிழியை நசுக்கலாம். கால் கொடுக்கிற அழுத்தம் முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறியதும் குமிழிகள் திரும்ப எண்ணெயாகிவிடும். ஒரு சொட்டு ஒழுகாது, ஒரு தடயம் இருக்காது. இன்னும் ஒன்று. வண்டி ஓடும்போது வட்டையில் காற்றாவது படும். நிறுத்தினால் அதுவும் இல்லை. வட்டையின் சூடு மெதுவாக உள்ளே இறங்கி எண்ணெயைப் பிடிக்கும். ஆகவே துரைக்கண்ணு புடவைக் கட்டுகளை மோந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எண்ணெய் கொதித்தது.

“நீ பொய் சொல்லல முதலியாரே” என்றார் அந்தோணி. “போய் சொல்லு அந்தப் பொம்பள கிட்ட. பிரேக்கு நெசமாவே போச்சுனு. நான் சாட்சி.”

கலியாணசுந்தரம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவன் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை பழைய எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினார்கள். பொட்டியைக் கொக்கியில் மாட்டினார்கள். அந்தோணிக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டியிருந்தது. இஞ்சின் பின்னால் இழுத்துப் பிடிக்கிற கியர் இல்லாமல் ஒரு வண்டியை யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்றார். அவர் ஓட்ட, கலியாணசுந்தரம் பக்கத்தில் உட்கார, பாலாற்றுப் பக்கம் போகிற நேர்ச்சாலையில் போனார்கள்.

முதலில் டி. இருபத்தைந்து மைலில் காலை எடுத்துவிட்டு, தந்திக் கம்பங்களை எண்ணினார்கள். பன்னிரண்டு கம்பம் தாண்டியும் வண்டி சுகமாக உருண்டுகொண்டிருந்தது. டி-யில் வண்டி தானே கியர் போட்டுக்கொள்கிறது. காலை எடுத்தால், ஓட்டுபவர் சும்மா உருள நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டு பெரிய கியரிலேயே இருந்துவிடும். அது இறக்கமா சமதரையா என்று அதற்குத் தெரியாது.

பிறகு அதே இருபத்தைந்தில் எல். இஞ்சின் உறுமியது. யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி இருவரும் முன்னால் சாய்ந்தார்கள். நாலாவது கம்பத்துக்குள் வண்டி நடை வேகத்துக்கு வந்தது. அந்தோணி பிரேக்கைத் தொடவே இல்லை. எல் என்பது சின்ன கியர். அதில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இஞ்சின் பல சுற்றுச் சுற்றியாகவேண்டும். பெட்ரோல் கொடுக்காமல் சுற்றவைத்தால் இஞ்சின் வாய் மூடிய பம்பு மாதிரி. ஊசி போடும் குழாயின் வாயை விரலால் அடைத்துவிட்டு இழுத்துப் பார்த்தால் தெரியும், எவ்வளவு எதிர்க்கிறது என்று. அந்த எதிர்ப்பு வண்டியைப் பிடிக்கிறது. எத்தனை மைல் இறங்கினாலும் சோர்ந்துபோகாது.

“சேத்துக்குன்னு சொன்னானாம்!” என்றார் அந்தோணி. “அவனைக் கொண்டாந்து சேத்துலயே நிக்க வெக்கணும். இதான்யா மலை கியரு.”

“எறக்கிவுடுங்க அண்ணே.”

“இன்னா?”

“கொஞ்சம் எறக்கிவுடுங்க.”

அவன் சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஸ்டியரிங்கிலிருந்து அந்தக் கம்பிக்கு ஒரு சாண் தூரம். கையை விரித்தால் சுண்டுவிரல் பட்டிருக்கும். மலை உச்சியில் ஒரே ஒரு கட்டம் தள்ளியிருந்தால் துரைக்கண்ணு இன்றைக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பான். இத்தனை நாள் தான் தூங்கவில்லை என்பதை மட்டும் நிரூபித்தால் போதும் என்று நினைத்திருந்தான். நிரூபித்தாயிற்று. இப்போது பார்த்தால் தூங்கியிருந்தாலே தேவலாம். விழித்திருந்து, கவனமாக, தன்னால் முடிந்தவரை நன்றாக ஓட்டி, அந்த நல்ல ஓட்டத்தாலேயே துரைக்கண்ணுவைக் கொன்றிருக்கிறான். நாலு பேர் மெச்சிய கால்.

அந்தோணி வந்து நின்றார். “குமிழி விஷயம் மட்டும் அந்தப் பொம்பள கிட்ட சொல்லு. இத எதுக்கு சொல்றே? யாருக்குத் தெரியப் போவுது?”

“மலையிலருந்து நீங்க எறங்கும்போது உங்களுக்குத் தெரியணுமே. உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணுனு எப்படிண்ணே சொல்றது?”

கொட்டகைக்குத் திரும்பியதும் அந்தோணி சிட்டிபாபுவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். பொட்டியில் ஆள் ஏறினால் தான் காரில் ஏறப்போவதில்லை என்று.

“சரக்கு தனியாப் போகுமாய்யா?”

“பூட்டு போடுங்க மொதலாளி. பூட்டு செத்துப்போனா வேற பூட்டு வாங்கிக்கலாம்.”

சிட்டிபாபு கொஞ்ச நேரம் பொட்டியைப் பார்த்தார். பிறகு பூட்டு எடுத்துவர உள்ளே போனார்.

மதியத்துக்கு மேல் கலியாணசுந்தரம் மணியம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை நின்றது, இழை அறுந்தது. உட்காரச் சொல்லவில்லை. அவன் நின்றபடியே சொன்னான். லாரிக்கார அந்தோணியோடு செய்த சோதனை, எண்ணெய், சூடு, குமிழி, ஆறியதும் திரும்பி வருவது எல்லாவற்றையும். அவளுக்குப் புரியவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவளுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

“அப்ப பிரேக்கு போனது நெசம்.”

“நெசம்மா.”

“அந்த எண்ணெய கொதிக்க வெச்சது யாரு?”

அவன் இந்தக் கேள்விக்குத்தான் வந்திருந்தான். “நான்தான். கால எடுக்காம வெச்சுக்கினே வந்தேன்.”

“வேற வழியில எறங்கியிருக்கலாமா?”

“எறங்கியிருக்கலாம். அந்த கியரு கைக்குப் பக்கத்துலயே இருந்துது. எனக்குத் தெரியல.”

அவள் ராட்டையில் அறுந்து தொங்கிய இழையை எடுத்து, முனையைத் தேடி, முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழவில்லை. மறுபடி போட்டாள்.

“தூங்கிட்டேன்னு நீ சொல்லியிருந்தாலே என் மனசு ஆறியிருக்கும்பா. தூக்கம் யாருக்குத்தான் வராது. அத நெனச்சு நெனச்சு உன்னை மன்னிச்சுடலாம்னு போன மாசம்கூட இருந்தேன். இப்ப முழிச்சுக்கினு இருந்தேன்னு சொல்ற. அவரும் முழிச்சுக்கினுதான் இருந்தாரு. ரெண்டு பேரும் முழிச்சுக்கினு இருந்தும் அவரு செத்தாருன்னா, நான் இத எங்க கொண்டுபோய் வெக்கறது?”

தெருவில் யாரோ பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். சாயம் போட்ட பட்டு வெயிலில் மினுங்கியது.

“நாளைக்கு அந்த லாரிக்காரரு போறாரா?”

“காலைல போறாரு.”

“அவருக்குப் பொஞ்சாதி இருக்குதா?”

“இருக்காங்க. ஐயம்பேட்டைல.”

“அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா? ஒண்ணு விடாம?”

“சொல்லிட்டேன்.”

“என் எதிர்ல சொல்லு. அவருக்குச் சொன்ன மாதிரியே. ஒண்ணு உட்டுப்போச்சான்னு நான் கேக்கறேன்.”

கலியாணசுந்தரம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்.

“எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, மேலயே, வண்டிய நிறுத்திடணும். பொட்டில யாரும் இருக்கக்கூடாது. நிக்கும்போதே கம்பிய எல்-ல போட்டுடணும். எறக்கத்துல வேகம் எடுத்த பொறவு போட்டா பின்சக்கரம் சறுக்கும். அடிவாரம் வர்ற வரைக்கும் எல்-லயே இருக்கணும். இஞ்சின் கத்தும், கத்தட்டும். அதுதான் வண்டியப் புடிக்குது. அப்பவும் முள்ளு இருபதைத் தாண்டினா, பிரேக்கை ஒரே தடவை நல்லா அழுத்தணும். பதினஞ்சுக்கு வந்ததும் கால மிதியிலருந்து முழுசா எடுத்துடணும். திரும்ப இருபது ஆனாத்தான் திரும்ப மிதிக்கணும். வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சுடணும். வளைவுக்குள்ள மிதிச்சா பொட்டி பின்னாலருந்து காரைத் தள்ளி சுத்திவுட்டுடும். கருகற வாடை வந்தா நிறுத்தி, சக்கரத்துக்கு கல்லு குடுத்துட்டு, தொட்டா கை பொறுக்கற வரைக்கும், ஒரு மணி நேரமானாலும், நகரக்கூடாது. அப்புறம் மிதிய ரெண்டு தடவை மிதிச்சு கெட்டியா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் கிளம்பணும்.”